போர் முடிஞ்சு 50 வருஷம் ஆச்சு, மொண்டன்யார்ட் மக்கள் ஏன் இன்னமும் அகதியா வெளிய வர்றாங்க?

2024 ஜூன்ல பாங்காக்ல தாய்லாந்து போலீஸ் யி குவின் ப்டாப்னு ஒரு மொண்டன்யார்டை, அதாவது வியட்நாம் மலைவாழ் மக்கள்ல ஒருத்தரைப் பிடிச்சாங்க. ஐநா அகதிகள் அமைப்பு இவரை அகதின்னு ஏத்துக்கிட்டிருந்தது. ஆனா வியட்நாம் கோர்ட் அதே வருஷம் ஜனவரில, இவர் ஆள் அங்க இல்லாமலே, பயங்கரவாத வழக்குல 10 வருஷம் ஜெயில்னு தீர்ப்பு எழுதியிருந்தது. செப்டம்பர் 30 அன்னைக்கு பாங்காக் கோர்ட், இவரை வியட்நாம்கிட்ட ஒப்படைக்கலாம்னு சொல்லிடுச்சு. செய்தியைப் படிச்ச நிறைய பேருக்கு ரெண்டு குழப்பம். வியட்நாம் போர் 1975லயே முடிஞ்சு போச்சே, அந்த நாடு இப்ப ஃபோனும் துணியும் உலகத்துக்கே ஏத்துமதி பண்ணுதே, அங்கிருந்து இன்னும் எதுக்கு அகதிங்க வரணும்? ஐநா அகதின்னு சொன்ன ஆளை இன்னொரு நாடு எப்படித் தூக்கிக் கொடுக்க முடியும்?

முதல் கேள்விக்குப் பதில் நிலத்துல இருக்கு, ரெண்டாவதுக்குப் பதில் அவங்க எந்த எல்லைக்கு எந்தப் பக்கம் நிக்கிறாங்கன்றதுல இருக்கு. ரெண்டையும் வரிசையா பார்த்துட்டு, தப்பிச்சு அமெரிக்கா போய்ச் சேர்ந்தவங்க அங்க எப்படி வாழ்க்கையை முதல்லேர்ந்து கட்டினாங்கன்னும் பார்க்கலாம், ஏன்னா விமானம் ஏறினதோட இந்தப் பிரச்சினை முடியல.

யாரு இவங்க

வியட்நாமோட நடுப்பகுதில, கம்போடியா எல்லையை ஒட்டி ஒரு பெரிய மேட்டு நிலம் இருக்கு. கொன் தும், ஜா லாய், டாக் லாக், டாக் நோங், லாம் டோங்னு அஞ்சு மாகாணமா இருந்தது, 2025 ஜூலைல மாகாணங்களை இணைச்சப்போ இதெல்லாம் கடலோர மாகாணங்களோட சேர்ந்து மாறிடுச்சு. இங்க ஆதிலேர்ந்து இருக்கிற மலைவாழ் மக்கள் எல்லாரையும் சேர்த்து பிரெஞ்சுக்காரங்க வெச்ச பேர்தான் மொண்டன்யார்ட். இது ஒரு இனம் இல்ல, பல இனம்: ஜராய், ரடே, பானார், கோஹோ, ம்நோங், ஸ்டியெங் இன்னும் நிறைய. ஜராய், ரடே பேசற பாஷை மலாய் பாஷையோட குடும்பம், பானாரும் கோஹோவும் பேசறது கம்போடியாவோட கெமர் பாஷைக் குடும்பம். அதாவது பக்கத்துப் பக்கத்து மலைல இருக்கிற ரெண்டு கிராமத்துக்கு ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குப் புரியாம இருக்கலாம். இவங்களை ஒண்ணா சேர்த்தது பொதுவான பாஷை கிடையாது, சமவெளிலேர்ந்து வந்த வியட் மக்கள் இவங்களை ஒரே கண்ணோட பார்த்ததுதான். "மோய்"னு கூப்பிடுவாங்க, காட்டுமிராண்டின்ற மாதிரி வசவு. வெளிய வந்தவங்கள்ல பல பேர் தங்களை டேகான்னு சொல்லிக்கிறாங்க.

ரடே, ஜராய் ரெண்டுலயும் குலம் அம்மா வழிதான். பொண்ணு வீட்லதான் மாப்பிள்ளை கேட்டுப் போவாங்க, கல்யாணம் ஆனா பையன் பொண்டாட்டி வீட்டுக்குப் போயிடுவான், வீடும் சொத்தும் பொண்ணுங்களுக்கு, குழந்தைக்கு அம்மாவோட குலப்பேர். ரடே மக்களோட நீள வீடு கால் மேல நிக்கிற மரவீடு, ஒரு அம்மா வழிக் குடும்பம் பெருக பெருக வீடும் நீண்டுக்கிட்டே போகும். இந்த விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, அமெரிக்கா போனப்புறம் இதுதான் பெரிய சிக்கலா வரப்போகுது.

எல்லாத்துக்கும் வேர் நிலம்

இந்த மக்கள் செஞ்சது மாறுநில விவசாயம். காட்டுல ஒரு துண்டை வெட்டி எரிச்சு நெல் போடுவாங்க, சில வருஷம் கழிச்சு மண்ணு களைச்சதும் அதை அப்படியே விட்டுட்டு அடுத்த துண்டுக்குப் போவாங்க, பல வருஷம் கழிச்சு காடு திரும்ப வளர்ந்ததும் மறுபடி அங்கயே வருவாங்க. கிராமத்துக்காரங்க எல்லாருக்கும் எந்த மேடு யாரோடதுன்னு தெரியும், ஆனா பட்டா கிடையாது. வெளியேர்ந்து பார்க்கிற அதிகாரிக்கு பாதி நிலம் சும்மா கிடக்கிற மாதிரி தெரியும். பிரெஞ்சுக்காரங்க தோட்டம் போட்டதும் இப்படித்தான், 1954ல நாடு ரெண்டா பிரிஞ்சப்புறம் தெற்கு வியட்நாம் அதிபர் டியெம் சமவெளி ஆட்களைக் கொண்டுவந்து குடியேத்தினதும் இப்படித்தான், 1975க்கு அப்புறம் கம்யூனிஸ்ட் அரசாங்கம் புதுப் பொருளாதார மண்டலம்னு லட்சக்கணக்குல ஆள் அனுப்பினதும் இப்படித்தான். மூணு ஆட்சியும் ஒண்ணுக்கொண்ணு ஜென்ம விரோதி, ஆனா இந்த ஒரு விஷயத்துல மூணுக்கும் ஒரே பார்வை. இதைத்தான் நான் இந்தக் கதைல முக்கியமா பார்க்கிறேன், ஏன்னா பிரச்சினையை வெறும் கம்யூனிசம் எதிர்ப்புன்னு சுருக்கினா 1958ல இவங்க யாருக்கு எதிரா எழுந்தாங்கன்றது புரியவே புரியாது.

1976ல அந்த மேட்டு நிலத்துல மொத்தம் சுமார் 12 லட்சம் பேர், அதுல பெரும்பான்மை மலைவாழ் மக்கள். 2019 கணக்கெடுப்புல 58 லட்சத்துக்கு மேல, இப்ப பெரும்பான்மை வியட் மக்கள். சொந்த ஊர்லயே சிறுபான்மை ஆனது ஒரே தலைமுறைல நடந்தது.

இதுக்கு நடுவுல காபி வந்தது. 1986ல வியட்நாம் சந்தைப் பொருளாதாரத்துக்குக் கதவைத் திறந்தப்புறம் இந்தச் செம்மண் மேட்டுல ரோபஸ்டா காபியா போட்டுத் தள்ளினாங்க, கொஞ்ச வருஷத்துலயே பிரேசிலுக்கு அடுத்து உலகத்துலயே ரெண்டாவது பெரிய காபி நாடு ஆயிடுச்சு. காபிக்கு நிரந்தரமா ஒரே நிலம் வேணும், பல வருஷம் காடா விட்டு வைக்கிறதெல்லாம் அங்க செல்லாது. 1993 நிலச் சட்டப்படி நிலம் மொத்த மக்களுக்கும் சொந்தம், அரசாங்கம் நிர்வாகம் பண்ணும், தனியாளுக்குப் பயன்படுத்தற உரிமைக்கான சான்றிதழ் கிடைக்கும். அந்தச் சான்றிதழுக்கு எழுதப் படிக்கத் தெரியணும், ஆபீஸ்ல ஆள் தெரியணும், காசு வேணும். அது இருந்தவங்க வாங்கிட்டாங்க. இல்லாத குடும்பம் கடனுக்கும் அவசரத்துக்கும் நிலத்தை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துட்டு, தாத்தா உழுத மண்ணுல கூலிக்கு காபி பறிக்கப் போச்சு. அப்புறம் 2000, 2001ல உலகச் சந்தைல காபி விலை பல பத்து வருஷத்துல இல்லாத அளவுக்கு விழுந்தது. வயநாடு, குடகு பக்கம் காபி போட்டவங்களுக்கு அந்த வருஷங்கள் நல்லாவே ஞாபகம் இருக்கும், அதே அடி வியட்நாம் மேட்டுலயும் விழுந்தது, அதுல முதல்ல நொறுங்கினது கடைசித் துண்டு நிலத்தை வெச்சிருந்த மலைவாழ் குடும்பங்கள். 2001 பிப்ரவரில ப்ளேக்கு, புவோன் மா துவோட் நகரங்கள்ல ஆயிரக்கணக்கான பேர் நிலத்தைத் திருப்பிக் கொடு, சர்ச்சைத் தொந்தரவு பண்ணாதேன்னு தெருவுக்கு வந்தாங்க. இந்த ரெண்டு தேதியும் பக்கத்துப் பக்கத்துல இருக்கிறது தற்செயல்னு எனக்குத் தோணல.

துப்பாக்கி எப்படி வந்தது

வியட்நாம் அரசாங்கம் இவங்களைப் பத்திப் பேசறப்போ ஃபுல்ரோன்ற பேர் வந்துகிட்டே இருக்கும். அது என்னன்னு தெரிஞ்சாதான் மீதிக் கதை புரியும்.

1. 1958ல பானார், ஜராய், ரடே, கோஹோ பேர்களோட முதல் எழுத்துக்களைச் சேர்த்து பஜராகான்னு ஒரு இயக்கம், தலைவர் யி பாம் எனுவோல். சுயாட்சி கேட்டாங்க, டியெம் அரசாங்கம் தலைவர்களைத் தூக்கி உள்ள போட்டுது.

2. 1961 கடைசில அமெரிக்க சிஐஏவும் சிறப்புப் படையும் புவோன் எனாவோன்ற ரடே கிராமத்துல ஆரம்பிச்சு, கிராமத்தைக் காக்க ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தாங்க. ஒரு வருஷத்துல இது சுமார் 200 கிராமத்துக்குப் பரவிடுச்சு. வடக்கிலேர்ந்து கம்யூனிஸ்ட் படை வர்ற வழி இந்த மலைங்கதான், அந்த வழி தெரிஞ்ச ஆளுங்க இவங்கதான், அதனால அமெரிக்காவுக்கு இவங்க தேவைப்பட்டாங்க. போர் முழுக்க பல்லாயிரம் மொண்டன்யார்ட் ஆண்கள் அமெரிக்கர்களோட தோளோட தோள் நின்னு சண்டை போட்டாங்க.

3. 1964ல மலைவாழ் மக்களோட ஆயுதப் போராட்ட இயக்கமான ஃபுல்ரோ உருவாச்சு, அதே செப்டம்பர்ல அமெரிக்கா பயிற்சி கொடுத்த கேம்ப்கள்லயே மலைவாழ் படைவீரர்கள் தெற்கு வியட்நாம் அரசாங்கத்துக்கு எதிரா கலகம் பண்ணாங்க. அமெரிக்காவோட நண்பர்கள், ஆனா அமெரிக்காவோட நண்பன் அரசாங்கத்துக்கு எதிரிங்க, இந்த முடிச்சு கடைசி வரைக்கும் அவிழவே இல்ல.

4. 1975 மார்ச்ல புவோன் மா துவோட் விழுந்தது, ஏப்ரல்ல தெற்கு வியட்நாம் தலைநகர் சைகோனும் போச்சு. அதே மாசம் கம்போடியாத் தலைநகர் ப்னோம் பென்ல பிரெஞ்சுத் தூதரகத்துல ஒதுங்கியிருந்த யி பாம் எனுவோலை, அந்த ஊரைப் பிடிச்ச கெமர் ரூஜ் கம்யூனிஸ்ட் படை வெளிய கொண்டுவந்து கொன்னாங்க. காட்டுல இருந்த ஃபுல்ரோ ஆளுங்களுக்குத் தலைவர் செத்தது பல வருஷம் தெரியாது, அவர்கிட்டேருந்து உத்தரவு வரும்னு காத்துக்கிட்டே சண்டை போட்டாங்க.

1992ல கம்போடியால மொண்டுல்கிரி காட்டுல ஐநா அமைதிப்படை ஒரு கூட்டத்தைப் பார்த்துச்சு, சுமார் 400 பேர், கைல ஆயுதத்தோட ஃபுல்ரோ போராளிகளும் அவங்க குடும்பமும். போர் முடிஞ்சு 17 வருஷம் கழிச்சு. அங்க இருந்த பிள்ளைங்கள்ல பல பேர் காட்டுலயே பொறந்தவங்க, ஸ்கூல் பார்த்ததில்ல, ஒரு இடத்துல நிரந்தரமா தூங்கினதில்ல. ஆயுதத்தை ஒப்படைச்சிட்டு அந்த வருஷமே வட கரோலினா போனாங்க. ஃபுல்ரோன்னு ஒரு படை அதோட முடிஞ்சது, ஆனா வியட்நாம்ல அந்தப் பேர் இன்னைக்கும் ஒரு குற்றச்சாட்டா உயிரோட இருக்கு. தொண்ணூறுகள்ல பொறந்த பையனையும் ஃபுல்ரோன்னு சொல்லிப் பிடிக்கிறாங்க.

அங்க ஒரு குழந்தை வளர்றது எப்படி

ஊர்ல வளர்ற ஜராய் குழந்தைக்கு முதல் அஞ்சு ஆறு வருஷம் உலகம் முழுக்க அதோட பாஷைதான். ஸ்கூல்ல சேர்ந்த அன்னைக்கு டீச்சர் பேசறது வியட்நாமீஸ், புத்தகம் வியட்நாமீஸ். ஜராய்க்கும் ரடேவுக்கும் பிரெஞ்சுக் காலத்துலேர்ந்தே ரோமன் எழுத்துல எழுத்துமுறை இருக்கு, சில ஆரம்பப் பள்ளில அதை ஒரு பாடமா சொல்லியும் கொடுக்கிறாங்க, ஆனா கணக்கும் அறிவியலும் எல்லாம் வியட்நாமீஸ்லதான். பின்தங்கற பிள்ளையை மந்தம்னு முடிவு கட்டறது சுலபம், காபி பறிக்கிற சீசன்ல வீட்ல கூலிக்கு ஒரு கை தேவைன்னா அந்தப் பிள்ளை நின்னுடும். தாய்மொழில பேசி இன்னொரு மொழில படிக்கத் தள்ளப்பட்ட யாருக்கும் இதை நான் விளக்கத் தேவையில்ல.

அடுத்தது சர்ச். கொன் தும் பக்கம் கத்தோலிக்கம் 19ஆம் நூற்றாண்டுலயே வந்தது. புராட்டஸ்டண்ட் சபை 1975ல மிஷனரிகள் எல்லாம் வெளியேறினப்புறம்தான் ஆச்சரியமா வேகமா பரவுச்சு, மக்களே வீட்டுக்குள்ள கூடி, சொந்த பாஷைல பாடி வளர்த்தது. நிலம் போச்சு, நீள வீடு போச்சு, கிராமத்துப் பெரியவர் சொல்லுக்கு மதிப்பு போச்சு, அப்ப சொந்த பாஷைல நாலு பேர் கூடற ஒரே இடம் இதுவா ஆயிடுச்சு. அரசாங்கம் பதிவு பண்ணின சபைகளுக்கு அனுமதி கொடுக்குது, 2001ல தென் வியட்நாம் எவாஞ்சலிகல் சர்ச்சை அங்கீகரிச்சது. பதிவு பண்ணாத வீட்டுச் சபைகளை "டேகா புராட்டஸ்டண்ட்", மதப் போர்வைல பிரிவினைன்னு சொல்லுது. போலீஸ் கூப்பிட்டு விசாரிக்கிறது, ஊர் முன்னாடி நிக்க வெச்சு சபையை விட்டுட்டேன்னு சொல்ல வைக்கிறது, இதையெல்லாம் மனித உரிமை அமைப்புகள் வருஷக்கணக்கா பதிவு பண்ணிட்டு வர்றாங்க.

அரசாங்கம் தன் பக்கத்துல சொல்றதையும் எழுதணும். மலைப்பகுதிக்கு ரோடு, கரண்ட், ஆஸ்பத்திரி கொண்டு வந்தோம், நிலமில்லாத சிறுபான்மைக் குடும்பங்களுக்கு நிலம் கொடுக்க 2002லயும் 2004லயும் உத்தரவு போட்டோம், வெளிநாட்டுல இருக்கிற சில பேர்தான் தூண்டி விடறாங்கன்றாங்க. ரோடும் கரண்டும் வந்தது உண்மைதான். வெளிநாட்டுல இருந்து சுயாட்சி பேசின அமைப்புகள் இருந்ததும் உண்மைதான். 2023 ஜூன் 11ல டாக் லாக்ல கூ குயின் மாவட்டத்துல ரெண்டு கம்யூன் (ஊர் நிர்வாக) அலுவலகங்களைத் தாக்கினதுல போலீஸ், அதிகாரிகள், பொதுமக்கள்னு 9 பேர் செத்தாங்க, அந்தக் கொலைகளை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனா அதுக்கப்புறம் 100 பேரை ஒரே வழக்குல நிறுத்தி 2024 ஜனவரில சில நாள்ல தீர்ப்பு சொன்னாங்க, 10 பேருக்கு ஆயுள் தண்டனை. 2018லேர்ந்தே தாய்லாந்துல இருந்த, தாக்குதலுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லன்னு சொல்ற யி குவின் ப்டாப்பும் அதே வழக்குலதான். அவர் பண்ணிட்டிருந்தது, ஊர்ல நடக்கிற மத உரிமை மீறல்களை எப்படி எழுதி ஐநாவுக்கு அனுப்பணும்னு மக்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறது.

எல்லை தாண்டினா என்ன ஆகுது

இங்க சில வார்த்தைகளைப் பிரிச்சுப் புரிஞ்சுக்கணும், செய்தில எல்லாத்தையும் கலந்து எழுதறாங்க.

1. புகலிடம் கேட்பவர்: ஓடி வந்து, எனக்குப் பாதுகாப்பு வேணும்னு மனு கொடுத்திருக்கார், முடிவு இன்னும் வரல.

2. அகதி: இனம், மதம், நாடு, அரசியல் கருத்து, ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்தவர்ன்ற காரணத்துக்காக துன்புறுத்தப்படுவார்ன்ற நியாயமான பயம் இருக்குன்னு விசாரிச்சு ஏத்துக்கிட்டாச்சு. 1951 ஐநா உடன்படிக்கை சொல்ற வரையறை இது.

3. திருப்பி அனுப்பாமை: ஆபத்து இருக்கிற இடத்துக்கு ஒருத்தரைத் திருப்பித் தள்ளக்கூடாதுன்ற விதி.

4. மீள்குடியேற்றம்: முதல்ல போய்ச் சேர்ந்த நாட்டுலேர்ந்து, ஏத்துக்கிறேன்னு சொன்ன மூணாவது நாட்டுக்கு அனுப்பறது. இது யாரோட உரிமையும் கிடையாது, கூப்பிடற நாடு மனசு வெச்சாதான்.

கம்போடியா 1951 உடன்படிக்கைல கையெழுத்துப் போட்ட நாடு. 2001ல கலவரத்துக்கு அப்புறம் காட்டு வழியா நடந்து மொண்டுல்கிரி, ரத்தனக்கிரி மாகாணங்களுக்குள்ள வந்தவங்களுக்கு ஐநா கேம்ப் போட்டுது, 2002ல சுமார் 900 பேர் அங்கிருந்து அமெரிக்கா போனாங்க. 2004 ஈஸ்டர் சமயத்துல மறுபடி பெரிய போராட்டம், மறுபடி ஆள் வர ஆரம்பிச்சது, இந்தத் தடவை கம்போடியா கதவை மூடிக்கிட்டே வந்தது. 2005 ஜனவரில வியட்நாம், கம்போடியா, ஐநா அகதிகள் அமைப்பு மூணும் ஒரு ஒப்பந்தம் போட்டு, அகதின்னு ஏத்துக்காதவங்களைத் திருப்பி அனுப்பலாம்னு வழி பண்ணாங்க. 2009ல அகதியா இல்லையான்னு முடிவு பண்ற வேலையையே கம்போடியா அரசாங்கம் தன் கைல எடுத்துக்கிச்சு, 2011ல ப்னோம் பென்ல இருந்த ஐநா தங்குமிடமும் மூடியாச்சு. கையெழுத்து போட்ட நாடுன்றதால பாதுகாப்புன்னு நம்பினவங்களுக்கு, வியட்நாமோட உறவுன்னு வந்தப்போ அந்தக் கையெழுத்து நிக்கல.

அதனால பாதை தாய்லாந்துக்கு நீண்டது. தாய்லாந்து 1951 உடன்படிக்கைல கையெழுத்தே போடல, இந்தியாவும் போடல, அதனால இது தமிழ்நாட்டு முகாம்களை அறிஞ்சவங்களுக்குப் புதுசு கிடையாது. ஐநா அகதின்னு சொன்னாலும் தாய்லாந்து குடிவரவுச் சட்டத்துக்கு அவர் விசா இல்லாத வெளிநாட்டுக்காரர், அவ்வளவுதான். ஐநா கார்டு கைல இருக்கும், வேலை பெர்மிட் இருக்காது, போலீஸ் பிடிச்சா அபராதம், அப்புறம் குடிவரவு தடுப்பு மையம். கட்டட வேலை, தோட்ட வேலைன்னு கிடைச்ச கூலிக்குப் போறாங்க, கொடுக்க வேண்டிய கூலியை முதலாளி கொடுக்கலன்னா எங்கயும் போய்க் கேட்க முடியாது. ஆரம்பத்துல கேட்ட ரெண்டாவது கேள்விக்குப் பதில் இதுதான்: ஐநாவால ஒருத்தரை அகதின்னு சொல்ல முடியும், ஆனா அவர் நிக்கிற மண்ணோட சட்டத்தை ஐநாவால மாத்த முடியாது.

அமெரிக்கால ஒரே ஆளுக்கு ரெண்டு பேர்

முதல் கூட்டம் 1986ல போனது, தாய்லாந்து எல்லை கேம்ப்ல இருந்த சுமார் 200 பேர். வட கரோலினாவைத் தேர்ந்தெடுக்கக் காரணம், அங்கதான் சிறப்புப் படையோட தளமான ஃபோர்ட் பிராக் இருக்கு, இவங்களோட சேர்ந்து சண்டை போட்ட பழைய சிப்பாய்கள் அந்த மாநிலத்துல நிறைய பேர். அந்த ஆளுங்கதான் அரசாங்கத்தோட மல்லுக்கட்டிக் கூட்டிட்டு வந்தாங்க, சர்ச் அமைப்புகள் வீடு பிடிச்சுக் கொடுத்தாங்க. கிரீன்ஸ்போரோ, ராலே, சார்லட் மூணு ஊர்லயும் குடியேறினாங்க, வியட்நாமுக்கு வெளிய மொண்டன்யார்ட் மக்கள் அதிகமா இருக்கிறது இன்னைக்கும் இங்கதான்.

அதே அமெரிக்கால 2001 செப்டம்பருக்கு அப்புறம் பயங்கரவாதச் சட்டத்தை விரிச்சாங்க. ஆயுதம் ஏந்தின எந்தக் குழுவுக்கும் எந்த உதவி பண்ணியிருந்தாலும் குடியேற்றத்துக்குத் தடைன்னு ஆச்சு, அந்த வரையறைல ஃபுல்ரோவும் மாட்டிச்சு. அமெரிக்காவே துப்பாக்கி கொடுத்துப் பழக்கின ஆளோட கிரீன் கார்டு ஃபைல், துப்பாக்கி தூக்கினதுக்காகவே நின்னு போச்சு. 2007 டிசம்பர்ல ஒரு பட்ஜெட் சட்டத்துக்குள்ள மொண்டன்யார்ட், மோங், பர்மாவோட கரேன், சின் குழுக்களைப் பேர் சொல்லி விலக்கினப்புறம்தான் வழி திறந்தது. ஜனங்க அதே ஜனங்க, செஞ்ச காரியமும் அதே காரியம், சட்டத்துல ஒரு பத்தி மாறினா கூட்டாளி பயங்கரவாதி ஆகி மறுபடி கூட்டாளி ஆகிறார். இது எனக்குக் கோபம் வர்ற இடம், ஏன்னா அந்த நடுவுல போன வருஷங்களை யாரும் திருப்பிக் கொடுக்கல.

புது வாழ்க்கைல உண்மையா கஷ்டமானது எது

அமெரிக்கா வர்ற அகதிக்கு நடைமுறை இப்படி: விமான டிக்கெட் காசு கடனா கிடைக்கும், பின்னால தவணைல கட்டணும். முதல் 90 நாளைக்கு ஒரு அமைப்பு வீடு, சோஷியல் செக்யூரிட்டி நம்பர், ஸ்கூல், டாக்டர் எல்லாத்தையும் பார்த்துக்கும். அதுக்குள்ள வேலைல சேர்ந்தாகணும். ஒரு வருஷம் ஆனதும் கிரீன் கார்டுக்கு மனு, வந்து அஞ்சு வருஷத்துல குடியுரிமைக்கு மனு. வட கரோலினால இவங்களுக்குக் கிடைச்சது ஃபர்னிச்சர் ஃபாக்டரி, துணி மில், கோழி வெட்டற ஃபாக்டரி, ஹோட்டல் ரூம் சுத்தம் பண்றது. இங்கிலீஷ் தெரியாமலே முதல் வாரத்துலேர்ந்து செய்யக்கூடிய வேலைங்க, அதே காரணத்தால பத்து வருஷம் செஞ்சாலும் இங்கிலீஷ் வராத வேலைங்களும் கூட. 2000களுக்குள்ள அந்த மாநிலத்துல துணி மில்லும் ஃபர்னிச்சர் ஃபாக்டரியும் வெளிநாட்டுக்குப் போய் மூட ஆரம்பிச்சது, அப்ப நாப்பது வயசுல இங்கிலீஷ் இல்லாம மறுபடி முதல்லேர்ந்து.

இதை விட ஆழமா போன பிரச்சினை குடும்பம். 1986ல வந்தவங்க கிட்டத்தட்ட எல்லாருமே ஆண்கள், 1992 கூட்டத்துலயும் பெண்கள் கொஞ்சம்தான், 2002ல வந்ததும் பெரும்பாலும் பொண்டாட்டி பிள்ளையை ஊர்ல விட்டுட்டு ராத்திரில ஓடி வந்த இளவயசு ஆண்கள். ஆண் பெண்டாட்டி வீட்டுக்குப் போய் வாழற சமூகம், குலம் அம்மா வழியா போற சமூகம், பெண்களே இல்லாம ஒரு புது ஊர்ல குடியேறிச்சு. போக ஒரு வீடே இல்ல. நிறைய பேர் பல வருஷம் அபார்ட்மெண்ட்ல ஆறு ஏழு ஆம்பளைங்களா தங்கினாங்க, சில பேர் வேற இனத்துல கல்யாணம் பண்ணாங்க, அப்ப பிறக்கிற குழந்தை எந்தக் குலம்னு கேட்டா மரபுப்படி பதிலே கிடையாது. குடும்பத்தைக் கூப்பிட்டுக்க அகதியா வந்த ரெண்டு வருஷத்துக்குள்ள மனு போடணும்னு சட்டம். மனு போட்டாலும் ஊர்ல பொண்டாட்டிக்கு பாஸ்போர்ட் கொடுக்க வேண்டியது, புருஷனைத் தேடிட்டிருக்கிற அதே வியட்நாம் அரசாங்கம். வருஷக்கணக்கா இழுத்தது, சில குடும்பத்துல பிள்ளைங்க அப்பா முகம் தெரியாமலே வளர்ந்து நின்னாங்க.

பேர்லயும் குழப்பம். ரடே ஆண் பேர் எல்லாம் யின்னு ஆரம்பிக்கும், பெண் பேர் ஹ-ன்னு ஆரம்பிக்கும், பின்னால அம்மாவோட குலப்பேர். அமெரிக்க ஃபார்ம்ல முதல் பேர்னு இருக்கிற கட்டத்துல அந்த ஒத்தை எழுத்து போய் உட்கார்ந்துக்கும், அப்பாவுக்கும் பிள்ளைக்கும் கடைசிப் பேர் வேற வேறயா இருக்கும், ஸ்கூல்லயும் ஆஸ்பத்திரிலயும் இது உன் பிள்ளைதானான்னு கேள்வி. இவங்க வியட்நாம்லேர்ந்து வந்தவங்கன்னு ஃபைல்ல இருக்கிறதைப் பார்த்துட்டு வியட்நாமீஸ் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவாங்க. வயசான பாட்டிக்கு அந்த பாஷை சரியா தெரியாது, தெரிஞ்சாலும் தன்னை விசாரிச்ச போலீஸ் பேசின பாஷைல தன் உடம்பைப் பத்திச் சொல்ல மனசு வராது. அதனால பத்து வயசுப் பேத்தி டாக்டர் சொல்றதைப் பாட்டிக்கு ஜராய்ல சொல்லிட்டு உட்கார்ந்திருக்கும். குழந்தை கைல பெரியவங்க விஷயம் எல்லாம் போயிடுது, வாடகை நோட்டீஸ், வங்கிக் கடிதம், அப்பாவோட ரத்தக்கொதிப்பு மாத்திரை வரைக்கும். வெளிலேர்ந்து பார்க்கிறவங்க கெட்டிக்காரக் குழந்தைன்னு பாராட்டுவாங்க, எனக்கு அது பாராட்டற விஷயமா தெரியல, மொழிபெயர்ப்பாளர் வெக்க வேண்டியவங்க வெக்கலன்றதுதான் தெரியுது.

தாங்கிப் பிடிச்சது சர்ச்சும் சங்கமும். கிரீன்ஸ்போரோல 1987லயே மொண்டன்யார்ட் டேகா சங்கம் ஆரம்பிச்சாங்க. ஞாயித்துக்கிழமை ஆராதனை ரடே, ஜராய், கோஹோன்னு தனித்தனி பாஷைல நடக்குது. ஊர்ல ஒருத்தரையொருத்தர் பார்த்திருக்கவே மாட்டாத இனங்கள் இங்க ஒரே சங்கத்துல உட்கார்ந்திருக்கு, இளசுகளுக்கு நடுவுல பொதுப் பாஷை இங்கிலீஷ். வெண்கலத் தட்டுகளை அடிச்சு வாசிக்கிற காங் இசையை 2005ல யுனெஸ்கோ மனிதகுலச் செல்வம்னு அறிவிச்சது, வியட்நாம்ல அது சுற்றுலா மேடை ஏறிடுச்சு, கிரீன்ஸ்போரோல அதே இசையையும் இடுப்புத் தறி நெசவையும் பெரியவங்க தாங்களே பேரப்பிள்ளைங்களுக்குக் கத்துக் கொடுக்கிறாங்க.

குடியுரிமைப் பேப்பர் ஏன் இவ்வளவு முக்கியம்

கிரீன் கார்டு வாங்கியாச்சு, போதும்னு பல பேர் நின்னுட்டாங்க, பரீட்சை இங்கிலீஷ்லன்ற பயம். அதோட விலை ரெண்டு இடத்துல தெரியுது.

ஒண்ணு, வயசானவங்களுக்கும் உடல் ஊனமுற்றவங்களுக்கும் வர்ற மாச உதவித்தொகை அகதிக்கு ஏழு வருஷம்தான், அதுக்குள்ள குடியுரிமை வாங்கலன்னா நிக்கும். கிரீன் கார்டோட 20 வருஷம் இருந்த 50 வயசுக்காரரும், 15 வருஷம் இருந்த 55 வயசுக்காரரும் பரீட்சையில தாய்மொழிலயே பதில் சொல்லலாம்னு சலுகை இருக்கு. கணக்குப் போட்டுப் பாருங்க, உதவித்தொகை ஏழு வருஷத்துல நிக்குது, மொழிச் சலுகை 15 வருஷம் கழிச்சு வருது, நடுவுல இருக்கிற வருஷங்களுக்குப் பிள்ளைங்கதான் கதி.

ரெண்டாவது, நாடு கடத்தல். குடியுரிமை இல்லாதவர் மேல ஒரு குற்றத் தீர்ப்பு இருந்தா, அது இருபது வயசுல நடந்த தப்பா இருந்தாலும், கிரீன் கார்டு போகலாம். 2008ல அமெரிக்காவும் வியட்நாமும் போட்ட ஒப்பந்தத்துல 1995 ஜூலை 12க்கு முன்னாடி வந்தவங்களை அனுப்ப மாட்டோம்னு இருந்தது. 2020ல இன்னொரு உடன்பாடு போட்டு அவங்களுக்கும் வழி திறந்துட்டாங்க. 1992ல மொண்டுல்கிரி காட்டுலேர்ந்து வந்தவங்களும் அந்த 1995க்கு முன்னாடி வந்த கூட்டத்துலதான் வர்றாங்க.

பாங்காக்ல காத்திருக்கிறவங்களுக்கு இப்ப நிலைமை

2025 ஜனவரில அமெரிக்கா அகதிகள் சேர்க்கையை நிறுத்தி வெச்சது, அடுத்து 2026 நிதியாண்டுக்கு மொத்த உலகத்துக்கும் சேர்த்து 7,500 பேர்னு உச்சவரம்பு போட்டு, அதுலயும் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவோட வெள்ளை ஆஃப்ரிகானர்களுக்குன்னு சொல்லிடுச்சு. நாப்பது வருஷமா மொண்டன்யார்ட் மக்களுக்கு இருந்த பெரிய வாசல் இது. கனடாவும் ஃபின்லாந்தும் முன்னாடி கொஞ்சம் பேரை எடுத்திருக்காங்க, ஆனா அந்த அளவுக்கு எப்பவுமே வந்ததில்ல.

தாய்லாந்து சட்டத்துலயே ரெண்டு கைப்பிடி இருக்கு. 2023 பிப்ரவரில அமலுக்கு வந்த சித்திரவதைத் தடுப்புச் சட்டத்தோட 13ஆவது பிரிவு, சித்திரவதை ஆபத்து இருக்கிற நாட்டுக்கு யாரையும் அனுப்பக்கூடாதுன்னு சொல்லுது. அதே வருஷம் செப்டம்பர்ல, பாதுகாப்பு தேவைப்படறவங்களை அரசாங்கமே விசாரிச்சு அடையாளம் காண ஒரு முறையும் தொடங்கினாங்க. 2024 தீர்ப்புல அந்த 13ஆவது பிரிவு ப்டாப்பைக் காப்பாத்தல. தாய்லாந்து கோர்ட்டுகள் அந்தப் பிரிவை எப்படிப் படிக்கப் போறாங்கன்றதுதான், பாங்காக் புறநகர்ல வாடகை ரூம்ல இருக்கிற மத்த மொண்டன்யார்ட் குடும்பங்கள் கதவைத் தட்டற சத்தம் கேட்டா பயப்படணுமா வேணாமான்றதைத் தீர்மானிக்கும்.